பெண்ணைக் குறிக்கும் இணைய இளைஞர் வழக்கு: சொற்பட்டியல் போட்டால் ஆய்வாகிவிடுமா?

மூணாம்_செமஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். தொடர்பியல் முதுகலை ஆய்வேடு. தலைப்பு, சமூக ஊடகத்துல புழங்குற தமிழ் இளைஞர் வழக்கு பெண்ணை எப்படிக் காட்டுதுன்னு. கையில 3 மாசம். ஆள் நான் ஒருத்தி, வகைப்படுத்த உதவிக்கு ஒரு தோழி.

இதுவரைக்கும் 64 சொல் சேர்ந்திருக்கு. ஃபிகர், பீஸ், ஐட்டம், கட்டை, டிக்கெட், ஆண்ட்டி, பஜாரி, பாப்பா, பூமர் ஆண்ட்டி, ஹோம்லி, சிங்கப்பெண், இந்த மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல பொருள் எழுதியாச்சு. ஆனா திரும்பப் படிச்சா அகராதி மாதிரி இருக்கே தவிர ஒரு வாதமும் நிக்கல. "இதெல்லாம் இழிவான சொல்" என்பதைத் தாண்டி எழுத ஒண்ணும் இல்ல.

என் சந்தேகம் நாலு. பட்டியலுக்கு அடுத்து என்ன செய்யணும்? தரவை எங்க, எவ்வளவு எடுக்கணும்? பொண்ணுங்களே பொண்ணுங்களை இந்தச் சொல்லால கூப்பிட்டா அதை எந்தக் கணக்குல வைக்கிறது? நான் இழிவுன்னு போட்டதை என் தோழி கிண்டல்னு போடுறா, இதை எப்படித் தீர்க்கிறது?

சொல்தேடி:

பட்டியல் வீண் இல்ல, ஆனா அது வாசல்தான். 64 சொல்லும் பெயர்ச்சொல்லா இருக்கு பாருங்க. இந்தத் தலைப்பை எடுக்கிற முக்கால்வாசிப் பேர் பெயர்ச்சொல்லோட நின்னுடுறாங்க, ஏன்னா அது கண்ணுல படும், பொறுக்கி எடுக்கச் சுலபம். பெண் எப்படிக் காட்டப்படுறாங்கிறது இருக்கிற இடம் வினை.

ஆண் செய்பவனா வரும்போது என்ன வினை வருதுன்னு எழுதிப் பாருங்க. மடக்கினான், கரெக்ட் பண்ணிட்டான், உஷார் பண்ணிட்டான், தூக்கிட்டான், செட் பண்ணிட்டான், ஓட்டிட்டு இருக்கான். எல்லாமே செயப்படுபொருள் கேக்குற வினை. அந்தப் பொருள் அவ. இதே வினையெல்லாம் வண்டிக்கும் கருவிக்கும் சரக்குக்கும் பொருந்தும், அதுதான் சங்கதி. இப்ப பெண் செய்பவளா வரும்போது: கழட்டி விட்டுட்டா, அல்வா குடுத்துட்டா, டாட்டா காட்டிட்டா, பல்பு குடுத்தா, ஸீன் போடுறா. அவ எழுவாயா வர்ற வாக்கியத்துல பெரும்பாலும் ஏமாத்துறா, இல்ல நடிக்கிறா. விரும்பினா, வேண்டாம்னு சொன்னா, யோசிச்சா என்பதுக்கெல்லாம் இந்த வழக்குல தனியா ஒரு சொல் கூடக் கிடையாது. ‘வேண்டாம்னு சொன்னா’ என்பதுதான் ‘பல்பு குடுத்தா’ன்னு மாறி நிக்குது. ஒரு மறுப்பு, கேட்டவனுக்கு நடந்த சேதமா மொழிபெயர்க்கப்படுது. வாதம் வேணும்னு கேட்டீங்களே, அது இங்க இருந்து தொடங்கும்.

அதனால சொல்லை விட்டுட்டு வரியை அலகா வைங்க. ஒரு கருத்துரை, விரிதாள்ல ஒரு வரிசை. பத்தி (நெடுவரிசை) இப்படி வைக்கலாம்: மூல வரி, பெண் யார் (குறிப்பிட்ட ஒருத்தி, பொதுவா ‘பொண்ணுங்க’, எதிர்ல இருக்கிறவளை நேரா விளிக்கிறது), அவ எழுவாயா, செயப்படுபொருளா, வினை, பெயர்ச்சொல் இருந்தா அது, வினைமுற்று எப்படி முடியுது (வந்தா, வந்தாங்க, வந்துச்சு, வருதுங்க), விளி (டி, டா, மா, அக்கா, தங்கச்சி, மேடம்), எதைக் குறி வைக்குது (தோற்றம், வயசு, ஒழுக்கம், காசு, அறிவு, பேச்சு). எட்டுக்கு மேல வேண்டாம். பதினஞ்சு பத்தி போட்டா அம்பதாவது வரியில நிரப்புறதையே விட்டுடுவீங்க.

மூணு வரி போட்டுப் பார்ப்போம். மாதிரிக்காக நான் கட்டினது, யாரும் எழுதினது இல்ல.

"செம ஃபிகரு மச்சி, எவன் கரெக்ட் பண்ணானோ." இது எல்லாரும் பிடிக்கிற வரி. அவ செயப்படுபொருள், அதுவும் வாக்கியத்துல சொல்லாமலே தொக்கி நிக்குறா. பேச்சு அவகிட்ட இல்ல, மச்சிகிட்ட. அவளைப் பத்தின வரியில அவளுக்கு இடமே இல்ல.

"பொண்ணுங்க எப்பவும் காசு இருக்கிறவன் பின்னாடிதான் போவாங்க." ஒரு கொச்சை கிடையாது, வினைமுற்று கூட மரியாதைப் பன்மை. ஆனா முதல் வரி ஒருத்தியை மட்டும் சொல்லுது, இது மொத்தப் பேரையும். ‘எப்பவும்’, ‘தான்’ ரெண்டும்தான் இங்க வேலை செய்யுது. உங்க 64 சொல்லை வச்சுத் தேடினா இந்த வரி சிக்காது.

"தங்கச்சி, வீடியோ நல்லா இருக்கு, டிரெஸ் மட்டும் கொஞ்சம் பாத்துப் போடும்மா." தங்கச்சி, நல்லா இருக்கு, மா, எல்லாம் அன்பு. உறவுமுறைச் சொல் இங்க செய்யுற வேலை, கண்டிக்க உரிமை வாங்கித் தர்றது. முன்பின் தெரியாதவன் அண்ணனா ஆனாதான் டிரெஸ்ஸைப் பத்திப் பேச முடியும். ‘சிஸ்டர்’னு தொடங்குற வரியையும் இதே கண்ணோட பாருங்க.

இந்த மூணாவது வகைக்குத் தனி அத்தியாயமே போடலாம். பாராட்டுச் சொல்லுக்குள்ள இருக்கிற வேலி. ‘ஹோம்லி’ன்னா புகழ்ச்சிதான், ஆனா அந்தப் புகழ்ச்சி ‘மாடர்ன்’னு ஒருத்தியை எதிர்ப்பக்கம் நிறுத்தினாதான் நிக்கும். ‘சிங்கப்பெண்’ புகழ்ச்சியா வந்த சொல். இப்ப கருத்துப் பெட்டியில வண்டி மோதின காணொளிக்குக் கீழயும் ‘சிங்கப்பெண்’னு போடுறாங்க. ஒரே சொல்லுக்கு ரெண்டு வரிசை வச்சு, எத்தனை இடத்துல நேர்ப்பொருள், எத்தனை இடத்துல எதிர்ப்பொருள்னு எண்ணுங்க.

அப்புறம் ‘90ஸ் கிட்ஸ்’. சொல்லுல பால் கிடையாது. மீம்ல அது எப்பவும் பொண்ணு கிடைக்காத பையன். பெண்ணைச் சொல்லணும்னா ‘90ஸ் கிட்ஸ் பொண்ணுங்க’ன்னு ஒட்டுப்போடணும். ‘பெஸ்டி’யும் அப்படித்தான். தோழமைச் சொல்தான், ஆனா தமிழ் மீம்ல பெஸ்டின்னா காதலியோட ஆண் நண்பன், கதை சொல்றவன் காதலன், சந்தேகம் மட்டும் அவ மேல. ஒரு கெட்ட வார்த்தை இல்லாமலே ஒரு முழுச் சித்திரம்.

சொல் வரலாறு எழுதுறதா இருந்தா ஜோடியா வச்சுப் பாருங்க. கூத்தன்னா ஆடுறவன், சிவனுக்கும் பேரு. கூத்தின்னா ஆடுறவளா இருந்து வைப்பாட்டியா இறங்கிடுச்சு. சிறுக்கன் பையனோட நின்னான், சிறுக்கி வசையாயிட்டா. தேவரடியார் சோழர் கல்வெட்டுல கோயிலுக்குக் கொடை குடுத்தவங்க. அந்தச் சொல் இன்னைக்கு எதுவா இருக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. பெண்ணைக் குறிக்கிற சொல் மட்டும் இப்படிப் படிப்படியா சரியுறதை ஆங்கிலத்துக்கு மியூரியல் ஷுல்ஸ்னு ஒரு ஆய்வாளர் 1975-ல எழுதிட்டாங்க. ‘ஆண்ட்டி’ அதே வழியில நம்ம கண்ணு முன்னாடி இறங்கிட்டு இருக்கு: உறவுமுறை, அப்புறம் வயசுக் கிண்டல், அப்புறம் பாலியல் சொல், மூணும் ஒரே நேரத்துல புழக்கத்துல. ‘அங்கிள்’ ரெண்டாவது படியோட நின்னுடுச்சு.

எதிர்க்கேள்வி:

ஆம்பளைங்களையும்தானே கலாய்க்கிறாங்க? சிம்ப், சூப் பாய்ஸ், பூமர் அங்கிள், மொக்கை. அதுக்கு ஏன் யாரும் ஆய்வேடு எழுதுறதில்ல?

சொல்தேடி:

எழுதலாமே. எழுதினா என்ன கிடைக்கும்னா, ஆணைத் திட்டுற சொல்லும் பெண் வழியாத்தான் போகுது. சிம்ப்னா பெண்ணுக்குப் பணிஞ்சு போறவன். பொண்டாட்டிதாசனும் அதே. ‘பொம்பள மாதிரி அழாத’ன்னா சொல்லவே வேண்டாம். ஆணை நோக்கி வீசுற பெரிய கெட்ட வார்த்தை எதை எடுத்தாலும் உள்ள இருக்கிறது அவன் அம்மா. மொக்கை, பூமர் அங்கிள் ரெண்டும் விதிவிலக்கு, ஒத்துக்கறேன்.

இந்தக் கேள்வியை ஆய்வேட்டுலயே சோதனையா வைங்க, மூணாம்_செமஸ்டர். ஒவ்வொரு வரியிலயும் பாலை மாத்திப் படிச்சு, வரி இயல்பா நிக்குதா இல்ல சிரிப்பா மாறுதான்னு குறிங்க. "செம பையன் மச்சி, எவ கரெக்ட் பண்ணாளோ." நிக்குது, ஆனா கொஞ்சம் நொண்டுது. "தம்பி, வீடியோ நல்லா இருக்கு, சட்டை மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுப்பா." இது ஃபேஷன் அறிவுரையா மாறிடுச்சு. ஒழுக்கம் காணாமப் போச்சு. அந்த வித்தியாசம்தான் உங்க தரவு.

நிரல்மாமா:

தரவு பத்தி நான் சொல்றேன்.

மூணு மாசத்துல யூடியூப் தவிர வேற எதுக்கும் போகாதீங்க. எக்ஸ்ல ஆய்வாளர்களுக்கு இருந்த இலவச வழி 2023-ல அடைபட்டுடுச்சு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு இருந்த க்ரவுட்டேங்கிள் என்ற தரவுக் கருவியை 2024 ஆகஸ்ட்ல மூடியாச்சு. அதுக்குப் பதிலா மெட்டா வச்சிருக்கிற தரவு நூலகத்துக்கு நிறுவனம் மூலமா விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கணும். யூடியூப் தரவு ஏபிஐ-ல (நிரல் மூலமா தரவு எடுக்கிற வழி) ஒரு நாளைக்கு 10,000 அலகு இலவசம். கருத்துரைப் பக்கம் ஒண்ணுக்கு 1 அலகு, பக்கத்துக்கு அதிகபட்சம் 100 கருத்துரை. ஆனா காணொளி தேடுற அழைப்பு ஒண்ணுக்கு 100 அலகு. அதனால காணொளியைக் கையால தேர்ந்தெடுத்து அடையாள எண்ணை மட்டும் குடுங்க. 20 காணொளிக்குப் பத்துப் பத்துப் பக்கம்னாலும் 200 அலகுதான்.

வரிசை முறையை ‘பொருத்தம்’னு வைக்காதீங்க, ‘நேரம்’னு வைங்க. பொருத்தம்னு வச்சா லைக் வாங்கினது மேல வரும், நீங்க எடுக்கிறது கூட்டம் கைதட்டினதை மட்டும் ஆகிடும். பதில்களும் வேணும்னா கவனம்: கருத்துரையோட சேர்ந்து வர்றது சில பதில் மட்டும்தான், மீதிக்குத் தனி அழைப்பு. சண்டை முத்துறது பதில்லதான். இன்னொண்ணு, சேனல்காரர் வடிகட்டி வச்ச சொல்லும், பரிசீலனைக்குப் பிடிச்சு வச்ச கருத்துரையும் உங்களுக்கு வரவே வராது. ஆக, கையில கிடைக்கிறது வடிகட்டினதுக்கு அப்புறம் மிஞ்சினது. இதை வரம்புன்னு ஒரு பத்தி எழுதிடுங்க, வாய்மொழித் தேர்வுல யாராவது கேப்பாங்க.

காணொளித் தேர்வுல ஒரே வகை எடுக்காதீங்க. பெண் நடத்துற சேனல், ஆண் நடத்துற சேனல், ரெண்டுலயும் அதே பொருள் (சமையலுக்குச் சமையல், ஃபோன் விமர்சனத்துக்கு ஃபோன் விமர்சனம்). அப்பதான் ஒப்பிட முடியும். எடுத்த குவியல்ல இருந்து சமவாய்ப்பா 1,200 வரி. ஒரு வரிக்கு ஒரு நிமிஷம்னு வச்சா ஆளுக்கு 20 மணி நேரம்.

இப்ப கெட்டுப்போற இடங்கள். முதல்ல எழுத்து. ‘கொ’ன்னு கண்ணுக்கு ஒண்ணாத் தெரியுறது உள்ள ரெண்டு விதமாச் சேமிச்சிருக்கலாம்: ஒகரக் குறி ஒண்ணா, இல்ல ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியா. தேடினா பாதி கிடைக்காது. எல்லாத்தையும் யூனிகோட் என்.எஃப்.சி. வடிவத்துக்கு (ஒரே எழுத்தை ஒரே விதமாச் சேமிக்கிற முறை) மாத்திட்டுத் தொடங்குங்க. ‘ஔ’க்குப் பதிலா ‘ஒ’வும் ‘ள’வும் அடிச்சிருப்பாங்க, அதை என்.எஃப்.சி.யும் சரி பண்ணாது, கையாலதான்.

ரெண்டாவது, முழுச்சொல்லைத் தேடாதீங்க. தமிழ்ல சொல் அப்படியே தனியா நிக்காது. ஃபிகரு, ஃபிகருக்கு, ஃபிகருங்க, ஃபிகர்டா. ‘ஃபிகர’ன்னு புள்ளி இல்லாம தேடுங்க. கணினிக்கு ‘ர்’ என்பது ‘ர’வும் புள்ளியும்தான், ‘ரு’ என்பது ‘ர’வும் உகரக் குறியும்தான், அதனால ‘ஃபிகர’ எல்லாத்தையும் பிடிக்கும். ஆய்தம் போடாத ‘பிகர’வையும் சேர்த்துக்கோங்க. இதுக்கும் மேல சுருக்கி ‘பிக’ன்னு வச்சா பிக் பாஸ்ல போய் முட்டும்.

மூணாவது, மோதல் சொல். ஆண்ட்டி, ஆன்ட்டி, ஆன்டி, ஆண்டி, நாலும் எழுதுறாங்க. நாலாவது பழனி மலைக்கும் போகும். ‘சரக்கு’ல பாதிக்கு மேல பாட்டிலா இருக்கும். ‘பீஸ்’ கோழித் துண்டு, பள்ளிக் கட்டணம் ரெண்டும். ‘கட்டை’யைப் பேச்சுல ‘கட்ட’ன்னு எழுதுறதால கட்டணும், கட்டடம், கட்டணம் எல்லாம் கொட்டும். ‘வாடி’ வாடி வதங்கினதையும் பிடிக்கும். ‘டி’ விகுதியைத் தேட முயற்சியே பண்ணாதீங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல்ல 50 வரி எடுத்துக் கண்ணால பாருங்க. அதுல 10 கூட உங்க பொருள்ல இல்லைன்னா அந்தச் சொல்லைத் தேடுசொல்லா வைக்காதீங்க.

ஆங்கில எழுத்துல அடிச்ச தமிழை ஒதுக்கிடாதீங்க, பெரும்பங்கு அதுலதான் இருக்கும். அங்க ஒரே சொல்லுக்கு எழுத்துக்கூட்டல் பத்து வரும்: மெய்யை ஒத்தையா அடிச்சது, இரட்டையா அடிச்சது, கடைசி உயிர் விட்டது, ழகரத்துக்கு மூணு விதம். கெட்ட வார்த்தையில நடுவுல புள்ளி, நட்சத்திரம், எழுத்துக்குப் பதிலா எண். வடிகட்டியை ஏமாத்த அடிக்கிறது. தேடிப் பிடிக்கிறதை விட, சமவாய்ப்பா எடுத்த வரியைப் படிக்கிறதே உருப்படி. சொல்தேடி சொன்ன ரெண்டாவது, மூணாவது வகையும் அப்பதான் வரும்.

கடைசியா ஒரு சின்ன விஷயம், ஆனா ஒரு நாளைத் தின்னும்: இறக்கின சிஎஸ்வி கோப்பை எக்செல்ல இரட்டைச் சொடுக்கு போட்டுத் திறந்தா தமிழ் கந்தலாத் தெரியும். கோப்பு கெடல. ‘டேட்டா’ பட்டியலுக்குள்ள போய் உரைக்கோப்பு இறக்குமதியைத் தேர்ந்தெடுத்து, குறியாக்கம் 65001 யூடிஎஃப்-8ன்னு குடுங்க. கந்தலாத் தெரியுறப்ப சேமிச்சிடாதீங்க, அப்பதான் நிஜமாக் கெடும்.

திணைவழு:

சொல்தேடி அவர்கள் வினைமுற்றுக்குத் தனிப் பத்தி வைக்கச் சொன்னது சரி. ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

‘வந்துச்சு’, ‘சொல்லுச்சு’ என்று பெண்ணுக்கு அஃறிணை முடிவு வந்தாலே இழிவு என்று குறித்துவிடாதீர்கள். பல வட்டார வழக்குகளில் "அம்மா வந்துச்சு", "அக்கா சொல்லுச்சு" என்பது வீட்டுப் பேச்சு. அங்கே ‘வந்தாள்’ என்பதுதான் மரியாதைக் குறைவு. நன்னூலே திணையும் பாலும் மயங்குவதற்கு ஐந்து காரணம் சொல்கிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு. ஒரே இலக்கணப் பிறழ்ச்சி கொஞ்சுவதற்கும் வரும், திட்டுவதற்கும் வரும் என்பது பழைய செய்தி.

எப்படிப் பிரிப்பது? முதலாவது, அந்த வரியில் உறவுப்பெயர் அல்லது இயற்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "அந்த அக்கா நல்லா பேசுச்சு" என்பது வட்டார வழக்கு. "அது செமையா இருக்கு மச்சி" என்று வெறும் சுட்டுப்பெயர் நின்றால், அது ஆளைப் பொருளாக்குவது. இரண்டாவது, பன்மை. ஒருமை ‘சொல்லுச்சு’வில் அன்பு இருக்க இடமுண்டு. ‘இதுங்க’, ‘அதுங்க’, ‘பண்ணுதுங்க’ என்பது குழந்தைகளைச் சொல்லாதபோது ஏறக்குறைய எப்போதும் எரிச்சல் அல்லது ஏளனம். "பொண்ணுங்க இப்படித்தான் பண்ணுவாங்க", "பொண்ணுங்க இப்படித்தான் பண்ணுதுங்க" இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குற்றச்சாட்டு ஒன்றுதான், இரண்டாவதில் திணையும் பறிபோகிறது. மூன்றாவது, அதே எழுத்தாளர் அதே இழையில் ஆணுக்கு என்ன முடிவு போடுகிறார் என்பது. ஆணுக்கு ‘வந்தான்’, பெண்ணுக்கு ‘வந்துச்சு’ என்றால் வட்டார வழக்கு என்ற விளக்கத்தைச் சந்தேகியுங்கள். இருவருக்கும் ‘வந்துச்சு’ என்றால் விட்டுவிடுங்கள்.

‘டி’ பற்றியும் இதே எச்சரிக்கை. தோழிகளுக்குள் ‘வாடி’ நெருக்கம், காதலன் சொன்னால் உரிமை, முன்பின் அறியாதவர் கருத்துப் பெட்டியில் சொன்னால் கைநீட்டுவது போல. பெண்ணைப் பார்த்து ‘சொல்லுடா’ என்பது இன்றைய வழக்கில் செல்லம். ஆணைப் பார்த்து ‘சொல்லுடி’ என்றால் அது செல்லமாக இருப்பது அரிது. ஏறும்போது பரிசு, இறங்கும்போது அவமானம் என்று படிக்கட்டு இருப்பது அங்கே தெரிகிறது.

கொஞ்சம் விலகி ஒன்று: ஏடுகளின் தமிழும் இதற்குத் துணைபோகிறது. பாலியல் தொந்தரவைச் ‘சில்மிஷம்’ என்று எழுதிப் பழகிய மொழியில் இளைஞர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2023-இல் வெளியிட்ட பாலினப் படிமங்கள் பற்றிய கையேடு ‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லையே விலக்கி, தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்று நேராக எழுதச் சொல்கிறது. உங்கள் முன்னுரைக்குப் பயன்படும்.

மூணாம்_செமஸ்டர்:

நன்றி சொல்தேடி அக்கா, நன்றி எல்லாருக்கும். பெயர்ச்சொல் பத்தியை எட்டுல ஒண்ணாக் குறைச்சுட்டேன். இன்னும் ரெண்டு பாக்கி. தோழியும் நானும் 200 வரி தனித்தனியாக் குறிச்சுப் பாத்தோம், ‘இழிவு உண்டு / இல்லை’ன்னு மட்டும். 170 வரியில ஒத்துப்போச்சு. இது போதுமா? பொண்ணுங்களே சொல்றதை என்ன செய்யட்டும்?

முத்திரை:

170/200-ன்னா 85 சதவீதம். அதை அப்படியே எழுதாதீங்க, தற்செயலா ஒத்துப்போறதைக் கழிக்கணும். கோகனோட கப்பா, 1960-ல வந்த கணக்கு. நீங்க எத்தனை வரிக்கு ‘உண்டு’ போட்டீங்க, அவங்க எத்தனை போட்டாங்கன்னு சொல்லல. நீங்க 60, அவங்க 50ன்னு வச்சுக் காட்டுறேன்.

உங்க ‘உண்டு’ 0.30, அவங்களது 0.25. தற்செயலா ரெண்டு பேரும் ‘உண்டு’ போட வாய்ப்பு 0.30 × 0.25 = 0.075. ‘இல்லை’ போட வாய்ப்பு 0.70 × 0.75 = 0.525. கூட்டினா 0.60. கப்பா = (0.85 − 0.60) ÷ (1 − 0.60) = 0.625. லாண்டிஸ், காக் 1977-ல போட்ட அளவுகோல்ல 0.61-லிருந்து 0.80 வரை கணிசமான ஒப்புதல். தப்பிச்சீங்க, ஆனா விளிம்புல.

இதுல ஒரு பொறி இருக்கு. சமையல் சேனல் மாதிரி இழிவு அரிதா வர்ற இடத்துல 200-க்கு 190 ஒத்துப்போகும், 95 சதவீதம்னு சந்தோஷப்படுவீங்க. நீங்க 8, அவங்க 6 ‘உண்டு’ போட்டிருந்தா தற்செயல் மட்டுமே 0.9324. கப்பா 0.26-க்கு விழுந்துடும். காரணம், ரெண்டு பேரும் சேர்ந்து ‘உண்டு’ன்னு சொன்னது 2 வரிதான், மீதி ஒப்புதல் எல்லாம் ஒண்ணுமில்லாத வரிக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னது. அதனால சேனல் வகைக்கு ஒரு கப்பா தனியாப் போடுங்க, மொத்தமாப் போட்டு மறைக்காதீங்க.

ஒத்துப்போகாத 30 வரியை மேசையில வச்சு ரெண்டு பேரும் பேசுங்க, ஆனா ‘யார் சரி’ன்னு பேசாதீங்க. எந்தத் தகவல் இல்லாததால பிரிஞ்சோம்னு பாருங்க. வழக்கமா மூணு காரணம்தான் வரும்: மேல இருக்கிற கருத்துரை தெரியல, எழுதினவர் யார்னு தெரியல, ‘இழிவு’ என்ற சொல்லே ரொம்ப அகலம். மூணாவதுக்கு மருந்து, இழிவு உண்டா இல்லையான்னு கேக்குறதை நிறுத்திட்டு ரெண்டு கேள்வி கேளுங்க: இந்த வரி பெண்ணுக்கு ஒரு பண்பை ஏத்துதா? அந்தப் பண்பை எழுதினவர் நல்லதுன்னு காட்டுறாரா, கெட்டதுன்னா? கிண்டலும் இழிவும் ஒண்ணுக்கொண்ணு எதிர் கிடையாது. கிண்டல் தொனி, இழிவு உள்ளடக்கம். உங்க தோழியும் நீங்களும் சண்டை போட்டது வேற வேற பத்தியில. தொனிக்கு ஒரு பத்தி சேர்த்தா பாதி தீரும். விதியை மாத்தினா அந்தப் பழைய 200-ஐத் திருத்திக் கணக்குப் போடாதீங்க, புதுசா 100 வரி எடுத்துப் போடுங்க.

தமிழ்ல முன்னாடி குறிச்ச தரவு இருக்கு, பாத்துக்கோங்க. திராவிட மொழிகளுக்கான கணினி மொழி ஆய்வுப் பட்டறை திராவிடியன்லாங்டெக்ல 2022-ல தமிழ் வசைக் கருத்துரைப் போட்டி வச்சாங்க. அதுல பெண்வெறுப்பு, ஆண்வெறுப்பு ரெண்டும் தனித்தனி வகை. 2025-ல பெண்களைக் குறி வைக்கிற வசைக்குன்னே தமிழ், மலையாளத்துல ஒரு போட்டி. ஆனா அதுல வசை, வசை இல்லை, ரெண்டே வகை. "டிரெஸ் பாத்துப் போடும்மா" மாதிரி வரி எந்தப் பக்கம் விழும்னு யோசிச்சுப் பாருங்க. உங்க ஆய்வேடு நிரப்புற இடம் அதுதான்.

பொண்ணுங்க சொல்றது பத்தி. பேரை வச்சுப் பால் முடிவு பண்ணாதீங்க, யூடியூப் பேரை நம்ப முடியாது. வரியிலேயே ஆதாரம் இருந்தா மட்டும் (‘நாங்க பொண்ணுங்க’, ‘என் புருஷன்’) ‘பெண்’னு குறிங்க, மீதி ‘தெரியல’. அப்புறம் சொல் எந்தத் திசையில போகுதுன்னு பாருங்க. தோழிக்குத் தோழி "செம ஃபிகரா இருக்கடி"ன்னா முன்னிலை, அவ அங்க இருக்கா, திருப்பிப் பேச முடியும். "இவல்லாம் ஒரு பொண்ணா"ன்னு பெண்ணே எழுதினா படர்க்கை, தீர்ப்பு. எழுதினவங்க பாலை விட, முன்னிலையா படர்க்கையாங்கிறது அதிகம் சொல்லும். பொண்ணுங்களுக்குள்ள ‘மச்சி’, ‘ப்ரோ’ன்னு கூப்பிட்டுக்கிறதைத் தனி வகையா வைங்க. பையனோட இடத்துல நின்னு பேச பையனோட சொல் வேண்டியிருக்குன்னு ஒரு கோணம், சொல்லோட பாலே அழிஞ்சு போச்சுன்னு ஒரு கோணம். எனக்கு இரண்டாவதுல நம்பிக்கை கம்மி. ‘ப்ரோ’ பெண்களுக்குப் பரவின மாதிரி ‘சிஸ்’ பையன்களுக்குப் பரவல.

மேற்கோள் விஷயத்துல தவறிடாதீங்க. கருத்துரையை எழுத்து மாறாமப் போட்டா தேடுபொறியில அடிச்சு எழுதினவரைக் கண்டுபிடிச்சிடலாம், அதுல பள்ளிப் பசங்களும் இருப்பாங்க. வினைமுற்று, விளி, நீங்க ஆராயுற சொல், இந்த மூணையும் வச்சுக்கிட்டு மீதியை மாத்தி எழுதுங்க, மாத்தினோம்னு முன்னுரையில சொல்லிடுங்க. திரைப்பிடிப்புல பேரை மட்டும் மசமசன்னு ஆக்கிட்டு முகப்படத்தையும் லைக் எண்ணையும் விட்டுடுவாங்க; படமே வேண்டாம். காணொளி போட்ட பெண்ணோட பேரையும் எடுத்துடுங்க, அவங்களை மறுபடி ஒரு தடவை இதுக்குள்ள இழுக்கத் தேவையில்ல. கெட்ட வார்த்தைக்கு நடுவுல நட்சத்திரம் போடுறதுன்னா ஆய்வேடு முழுக்க ஒரே மாதிரி போடுங்க, பின்னிணைப்புல ஒரு தடவை முழுசா எழுதுங்க. இல்லேன்னா எந்தச் சொல்னு தேர்வாளருக்கே புரியாது.

ஒரு உட்காரலுக்கு 100 வரிக்கு மேல குறிக்காதீங்க. நூறு தாண்டினா ரெண்டு விதத்துல கை தவறும்: எல்லாமே இழிவாத் தெரியும், இல்ல எதுவுமே தெரியாது. குறிக்கிறதுக்கு முன்னாடி 1,200 வரியையும் கலைச்சுப் போடுங்க, சேனல் பேர் இருக்கிற பத்தியை மறைச்சு வைங்க. பெண் சேனல்னு தெரிஞ்சாலே கண்ணு தேட ஆரம்பிச்சிடும்.